ஸ்டெப்னியை எடுத்துவிட்டீர்கள், விளக்கை யார் பார்ப்பது?

பதிவு கொஞ்சம் நீளம். கார் ஓட்டுபவர்கள் படியுங்கள். ஓட்டாதவர்கள், அதாவது பிள்ளையோ மருமகனோ ஓட்ட, பின் சீட்டில் உட்கார்ந்து சென்னைக்கும் மதுரைக்கும் போய்வரும் என் வயதுக்காரர்கள், அவசியம் படியுங்கள்.

இப்போது வரும் பல கார்களின் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் படம் உண்டு. குதிரை லாடத்தைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கும். நடுவில் ஓர் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைந்தால் எரியும். இந்தச் சாதனத்துக்கு டி.பி.எம்.எஸ். என்று பெயர். அது எரிவதைக் காட்டிக் கேட்டால் இந்த ஊரில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "அது சும்மா எரியும் சார், கண்டுக்காதீங்க." டயர் கடையில் சொல்கிறார்கள். வாடகைக் கார் ஓட்டும் தம்பிகள் சொல்கிறார்கள். இன்ஜினியரிங் படித்த என் உறவினர் ஒருவரும் அதையேதான் சொன்னார். எச்சரிக்கை விளக்கு என்று ஒன்றை வைத்து, அது எரியும்போது கண்டுகொள்ளாதே என்று சொல்வதற்கு அதை வைக்காமலே இருந்திருக்கலாம். ஆனால் வைத்துவிட்டார்கள். வைத்ததோடு நிற்காமல், அதைக் காரணம் காட்டி நம்மிடமிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார்கள். என் சண்டை அங்கேதான்.

2020 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் இந்தச் சாதனமும், பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருந்தால் அந்தக் காருக்கு உபரிச் சக்கரம் தேவையில்லை என்றது. இடம் மிச்சமாகும், மின்சாரக் காரில் பெரிய பேட்டரி வைக்கலாம் என்று காரணமும் சொன்னார்கள். நியாயமான காரணம்தான், மறுக்கவில்லை. நாம் ஸ்டெப்னி என்கிறோமே, அந்தப் பேர் பிரிட்டனில் வேல்ஸ் பகுதியிலுள்ள லனெத்லி என்ற ஊரின் ஒரு தெருப் பெயர். 1904 வாக்கில் அந்தத் தெருவில்தான் டேவிஸ் சகோதரர்கள் உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். அவர்கள் நாட்டிலேயே அந்தச் சொல் வழக்கொழிந்துவிட்டது. நம்மிடமோ நூறு வருஷத்துக்கு மேலாக உயிரோடு இருக்கிறது. ஏன்? நம் சாலைக்கு அது தேவைப்பட்டது. இப்போது சக்கரத்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் ஒரு விளக்கைக் கொடுத்திருக்கிறார்கள். சரி. அந்த விளக்கு ஒழுங்காக வேலை செய்யும் என்பதற்கு யார் ஜவாப்தாரி? விதியில் அதற்குப் பதில் இல்லை.

முதலில் அந்தச் சென்சார் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். பலர் அது காரில் இருப்பதாக நினைக்கிறார்கள். இல்லை. அது சக்கரத்தில் இருக்கிறது. வால்வின் அடியில், ரிம்முக்குள், டயர் மூடிய இருட்டில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி. உள்ளே ஒரு லித்தியம் பேட்டரி, அழுத்தத்தை அளக்கும் சில்லு, சின்ன ரேடியோ. ஒவ்வொன்றுக்கும் தனி எண். நம் ஆதார் எண் மாதிரி. காரில் இருக்கும் கம்ப்யூட்டர் நான்கு எண்களை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. அந்த எண்ணிலிருந்து செய்தி வந்தால்தான் காதில் வாங்கும். ஆகவே சக்கரத்தை மாற்றினால் சென்சாரும் மாறுகிறது, எண்ணும் மாறுகிறது. புது எண்ணைக் காருக்குச் சொல்லிக் கொடுக்காவிட்டால் அது பழைய நால்வரையே தேடிக்கொண்டிருக்கும். தேடிக் கிடைக்காமல் கோளாறு என்று அறிவிக்கும். பெரும்பாலான கார்களில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டு அப்புறம் நிலையாக எரியும். மினுக்காமல் நேரே எரிந்தால் காற்றுக் குறைவு. மினுக்கிவிட்டு எரிந்தால் சென்சாரில் கோளாறு. இந்த வித்தியாசத்தை எனக்குக் கார் விற்றவர் சொல்லவில்லை. கையேட்டில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

இன்னொரு வகையும் உண்டு. அதில் சக்கரத்துக்குள் எதுவும் கிடையாது. ஏ.பி.எஸ். பிரேக்குக்காக ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று ஏற்கனவே எண்ணுகிறார்கள் அல்லவா, அந்தக் கணக்கையே வைத்துக்கொள்வது. காற்று குறைந்த டயரின் ஆரம் சற்றே குறையும், ஆகவே மற்றதைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். கெட்டிக்கார யோசனை. பாடம் நடத்தும் காலத்தில் இது தெரிந்திருந்தால் வட்ட இயக்கத்துக்கு நல்ல உதாரணமாகச் சொல்லியிருப்பேன். ஆனால் இதற்கு எது சரியான அழுத்தம் என்று நாம்தான் ரீசெட் பட்டனை அழுத்திச் சொல்ல வேண்டும். கடையில் என்ன செய்கிறார்கள்? விளக்கு எரிகிறதா, ரீசெட்டை அழுத்து, அணைந்ததா, அனுப்பிவிடு. காற்றை அளந்து பார்ப்பதே இல்லை. குறைந்த காற்றையே சரியான காற்று என்று கார் கற்றுக்கொள்கிறது. காய்ச்சல்காரனின் 102-ஐ இதுதான் சாதாரணம் என்று தெர்மாமீட்டரில் கோடு போட்டு வைக்கிற வேலை இது.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம். பேர் வேண்டாம். போன வருஷம் அழகுக்காக நாலு அலாய் வீல் மாற்றினார்கள். நகரத்தில் ஒரு பெரிய கடை. பழைய வீலை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டார்கள், உள்ளே இருந்த நாலு சென்சாரோடு. அவற்றைக் கழற்றிப் புது வீலில் மாட்டித் தர வேண்டும் என்ற பேச்சே எழவில்லை. ஒரு சென்சார் சில ஆயிரம் ரூபாய். விளக்கு மினுக்கத் தொடங்கியதும் போய்க் கேட்டிருக்கிறார்கள். வழக்கமான பதில், சும்மா எரியும். நாலு மாதம் எரிந்தது.

சென்னையிலிருந்து திரும்பும்போது, உளுந்தூர்பேட்டை தாண்டி, இரவு பதினொன்றரைக்குப் பின் சக்கரம் ஒன்று மெல்ல மெல்ல இறங்கியிருக்கிறது. ஆணி சின்னதுதான். நூறு கிலோமீட்டர் வேகத்தில் டியூப்லெஸ் டயர் மெதுவாக இறங்குவது ஓட்டுபவருக்குத் தெரியாது, வண்டி ஆடத் தொடங்கும்வரை. ஆடத் தொடங்கியபோது டயரின் பக்கவாட்டு நைந்து கிழிந்துவிட்டது. பஞ்சர் கிட்டில் இருக்கும் பசை, தரையில் உருளும் பட்டையில் விழுந்த சின்னத் துளையைத்தான் அடைக்கும். பக்கவாட்டுக் கிழிசலுக்கு அது உதவாது. ஸ்டெப்னி? இந்த மாடலில் கிடையாது. காரில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தியும் எழுபத்தி மூன்று வயது மூதாட்டி ஒருவரும். 1033-க்குப் போன் போட்டார்கள். ரோந்து வண்டி வந்தது, பின்னால் கூம்பு வைத்தார்கள், நல்லபடியாகப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் ரோந்து வண்டியில் அந்தக் காருக்கான டயரா இருக்கும்? ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் கார் குலுங்கியதாம். இழுத்துப்போக வண்டி வர மூன்று மணி நேரம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் இது செய்தித்தாளில் வராது, எந்தக் கணக்கிலும் சேராது.

ஆணி குத்தியது விதி என்று விட்டுவிடலாம். மற்றதெல்லாம் மனிதர்கள் செய்தது. விளக்கு வேலை செய்திருந்தால் ஆணி குத்திய சில நிமிடங்களில் தெரிந்திருக்கும். பட்டையில் சின்னத் துளை, பசை அடைத்திருக்கும், காலையில் வீட்டில் காப்பி குடித்திருப்பார்கள். ஸ்டெப்னி இல்லாத காரில் சென்சாரையும் கழற்றி அனுப்புவது, தையல் பிரித்தபின் கட்டையும் போடாமல் அனுப்புவதற்குச் சமம்.

உடனே என்மேல் பாய வேண்டாம். பஞ்சர் கடைக்காரரை நான் குற்றம் சொல்லவில்லை. புத்தூர் நால்ரோட்டுப் பக்கம் ஒருவர் இருக்கிறார். படிப்பு எட்டாம் வகுப்பு. டயரைக் கழற்றுமுன் வால்வுக்கு நேரே சாக்பீஸால் கோடு போடுவார். கேட்டால், "இதுக்கு அடியிலதான் சார் அந்தப் பொட்டி இருக்கு, மெஷின் வாயி அங்க பட்டா நொறுங்கிடும்" என்பார். உலோக வால்வு வைத்த சென்சாராக இருந்தால் சாதாரணப் பித்தளைப் பின்னை உள்ளே போடமாட்டார். அலுமினியமும் பித்தளையும் ஈரத்தில் சேர்ந்தால் அரித்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பின்னைக் கழற்றினால் வால்வே முறியும். இது மின்வேதியியல். அவர் அந்தப் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் விஷயம் தெரிந்திருக்கிறது. டயருக்குள் முன்கூட்டியே ஊற்றி வைக்கும் பச்சைக் களி சென்சாரின் மூக்கை அடைக்கும் என்று அதையும் வேண்டாம் என்கிறார். இத்தனை தெரிந்த மனிதருக்கு ஒன்று மட்டும் முடியவில்லை. புது எண்ணைக் காருக்குச் சொல்லிக் கொடுக்கும் கருவி அவரிடம் இல்லை. விலை அதிகம். வாங்கினாலும் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு முறை. சில கார் தானே கற்றுக்கொள்ளும், சிலதில் மெனுவுக்குள் போக வேண்டும், சிலதுக்கு ஷோரூம் கம்ப்யூட்டரே வேண்டும். எது எதற்கு என்று அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நெடுஞ்சாலையில் நம் உயிரைக் காப்பாற்றப் போகிறவர் இந்த மனிதர்தான், ஷோரூமில் கழுத்துப்பட்டை கட்டியவர் இல்லை. தகவலைப் பூட்டி வைத்திருப்பது கார் கம்பெனிகள்.

"நம்ம ஊருக்கு இதெல்லாம் புதுசு சார், வெளிநாட்டுல எல்லாம் கரெக்டா இருக்கும்" என்பார்கள் அடுத்து. அதுவும் முழு உண்மை இல்லை. என் மகள் மாண்ட்ரியாலில் இருக்கிறாள். புத்தூரில் தெருவுக்கு நாலு வீட்டில் பிள்ளைகள் இப்படித்தான் எங்கேயோ இருக்கிறார்கள், ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். 2008 முதல் சட்டம். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப் பிடிமானம் குறையும். அதனால் அங்கே வீட்டுக்கு இரண்டு செட் சக்கரம். நாம் மார்கழிக்குக் கம்பளி எடுப்பது மாதிரி நவம்பரில் ஒரு செட்டை மாட்டி, ஏப்ரலில் மறு செட். இரண்டாவது செட்டில் சென்சார் போடவா என்று கடையில் கேட்பார்கள். கூடுதல் காசு. நம்மவர்கள் பலர் வேண்டாம் என்றுவிடுகிறார்கள். கனடாவில் சென்சார் கட்டாயமும் இல்லை. விளைவு, பனிக்காலம் முழுக்க விளக்கு எரிகிறது. கண்ணை உறுத்துகிறது என்று அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டியவர்களை மகளே பார்த்திருக்கிறாளாம். "அப்பா, எல்லாரும் இப்படித்தான்" என்கிறாள்.

அந்த ஊரில் அது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்பதற்குப் பதினோராம் வகுப்புக் கணக்கே போதும். கடையின் கதகதப்பில், 20 டிகிரியில், 33 பிஎஸ்ஐ அடிக்கிறார்கள். கேஜ் காட்டுவது வளிமண்டலத்துக்கு மேலுள்ள அழுத்தம். உண்மை அழுத்தம் காண 14.7 கூட்டிக்கொள்ளுங்கள், 47.7. வெளியே மைனஸ் 20. கெல்வினில் 293 லிருந்து 253. பெருக்கி வகுத்தால் 41.2. அதில் 14.7 போனால் 26.5. ஆணி இல்லை, ஓட்டை இல்லை, ஆறரை பிஎஸ்ஐ காணோம். வருஷத்திலேயே சென்சார் அதிகம் தேவைப்படும் நாலு மாதத்தில் அதன் வாயில் பிளாஸ்திரி. என் மருமகன் மட்டும் பிடிவாதமாக இரண்டாம் செட்டுக்கும் சென்சார் போட்டார். முதல் செட்டின் எண்களையே அதில் நகல் எடுத்துப் போட முடிகிறது. காருக்குச் சக்கரம் மாறியதே தெரியாது. ஒவ்வொரு சக்கரத்திலும் முன் இடது, பின் வலது என்று எழுதி வைக்கிறார். காரணம் உண்டு. நாலு டயரின் அழுத்தத்தையும் தனித்தனியாகக் காட்டும் காரில் சக்கரத்தின் இடம் மாறி, காருக்குச் சொல்லாவிட்டால், பின் வலது இறங்கும்போது முன் இடது என்று காட்டும். நீங்கள் நன்றாக இருக்கும் டயருக்குக் காற்றை ஏற்றிவிட்டு, இறங்கும் டயரோடு போவீர்கள்.

இது கனடாவுக்கு மட்டும் இல்லை. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை நாமும் டயரை முன்னும் பின்னும் இடம் மாற்றுகிறோமே, அதற்கும் இதே கதைதான். மாற்றியபின் திரையில் இடம் சரியாக வருகிறதா என்று ஒரு டயரில் மட்டும் கொஞ்சம் காற்றை இறக்கிப் பாருங்கள். இன்னொன்று, அமெரிக்காவில் மலிவு என்று பெட்டியில் வைத்துச் சென்சார் கொண்டுவர வேண்டாம். அங்கே பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ், இங்கே 433. பேசும், நம் காருக்குக் கேட்காது.

நம் ஊரில் குளிர் இல்லை, வெயில். அதற்கும் இதே கணக்கு, தலைகீழாக. காலை 28 டிகிரியில் 33 இருக்கும் டயர், மே மாத நெடுஞ்சாலையில் ஓடி 58 டிகிரிக்குச் சூடானால் 38-ஐத் தொடும். அது இயல்பு. டயர் அதற்கென்றே செய்யப்பட்டது. ஆனால் வழியில் காற்றடிக்கும் பையன் கேஜைப் பார்த்து, "காத்து ஜாஸ்தி இருக்கு சார், வெடிச்சிடும்" என்று 33-க்கு இறக்கிவிடுகிறான். மறுநாள் காலை ஆறியபின் அது 28 சொச்சம். காற்று குறைந்த டயர்தான் அதிகம் மடங்கி, அதிகம் சூடேறி வெடிக்கும். வெடிக்காமல் இருக்கச் செய்த வேலை வெடிக்க வழி பண்ணுகிறது. இதில் விளக்கும் வாய் திறக்காது. அமெரிக்க விதிப்படி நிர்ணயித்த அளவில் 25 சதவீதம் குறைந்தால்தான் அது எரிய வேண்டும். 33-க்கு அது ஏறக்குறைய 25. இந்த விளக்கு கடைசி மணி, முதல் மணி இல்லை. ஆகவே கேஜ் வைத்துக் காலையில், வண்டியை எடுக்குமுன் பார்ப்பதை நிறுத்தக் கூடாது. நல்ல கேஜ் ஒன்று வாங்குங்கள். பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசமாகத் தர வேண்டும் என்று எண்ணெய் நிறுவனங்களின் விதியே இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். மெஷின் ரிப்பேர் என்று அட்டை தொங்கினால் புகார்ப் புத்தகத்தைக் கேளுங்கள்.

"அம்பாசடர் ஓட்டின காலத்துல என்ன சென்சார் இருந்துச்சு?" என்று கேட்கும் என் சக ஓய்வூதியர்களுக்கு: ஸ்டெப்னி இருந்தது ஐயா. அறுபதில் போனோம். ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை புளியமரத்தடியில் நிறுத்தி டயரைக் காலால் உதைத்துப் பார்த்தோம்.

இந்தச் சாதனம் யாருடைய ஆடம்பரமாகவும் பிறக்கவில்லை. 2000-ல் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பட்டை உரிந்து, ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் உருண்டு இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்த விவகாரம் வெடித்தது. அந்த வண்டிக்கு ஃபோர்டு சொன்ன காற்று 26, டயர் கம்பெனி சொன்னது 30. அந்த வருஷமே சட்டம் போட்டார்கள். 2007 செப்டம்பர் முதல் எல்லாப் புதுக் காரிலும் சென்சார் கட்டாயம். ஐரோப்பாவில் 2014 முதல். அதோடு விட்டார்களா? அமெரிக்காவில் வேலை செய்யும் பாதுகாப்புச் சாதனத்தைக் கடைக்காரர் தெரிந்தே செயலிழக்க வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. டயர் கடைக்கும் அது பொருந்தும். பிரிட்டனில் 2012 முதல் வந்த காருக்கு வருடாந்திரச் சோதனையில் இந்த விளக்கு கோளாறு காட்டினால் ஃபெயில். இங்கே? சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம். அதுவரை எஃப்.சி. கிடையாது. சென்சாருக்குள் இருக்கும் பேட்டரியின் ஆயுளோ ஐந்து முதல் பத்து வருஷம். மாற்ற முடியாதபடி பிசின் ஊற்றி மூடியது. அதாவது அரசாங்கம் முதல்முறை நம் காரைப் பார்க்கும்போது, ஸ்டெப்னிக்குப் பதிலாக அது அனுமதித்த சாதனம் செத்து ஐந்து வருஷமாவது ஆகியிருக்கும்.

ஸ்டெப்னி வேண்டாம் என்று எழுதத் தெரிந்த கை இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம். சக்கரமோ டயரோ மாற்றும் கடை, சென்சாரை மாற்றிப் பொருத்தி, காருக்கு அறிமுகம் செய்து, விளக்கு அணைந்ததைக் காட்டி, அதைப் பில்லில் எழுதித் தர வேண்டும். எந்தக் காருக்கு எப்படி என்ற முறையைக் கம்பெனி தமிழிலும் வெளியிட வேண்டும், நால்ரோட்டுக் கடைக்காரருக்கும் கிடைக்கிற மாதிரி. சென்சாரைக் காட்டி ஸ்டெப்னியை எடுத்த காருக்குச் சர்வீஸ் தோறும் சென்சார் சோதனை கட்டாயம். இது முடியாது என்றால் ஐந்தாவது சக்கரத்தைத் திருப்பிக் கொடுங்கள், காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம். அதற்கும் டிக்கியில் குழி இல்லையாம், கேட்டுப் பார்த்துவிட்டேன்.

விதி வரும்வரை நம் கையில் இருப்பது பில்தான். டயர் கடைக்குள் போகும்போது டேஷ்போர்டை ஒரு போட்டோ, வரும்போது ஒரு போட்டோ. விளக்கு எரிந்தபடி வண்டி வெளியே வந்தால் கூலி கொடுக்காதீர்கள். பழைய வீலை எக்ஸ்சேஞ்சில் கொடுக்குமுன் சென்சாரைக் கழற்றச் சொல்லி எண்ணி வாங்குங்கள், நாலு.

வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் கேஜோடு எங்கள் தெருவில் இருப்பேன். பக்கத்துத் தெருக்காரர்கள் வண்டியை எடுக்காமல் வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள், நானே நடந்து வருகிறேன். ஸ்ரீரங்கம், திருவெறும்பூர் நண்பர்கள் தயவுசெய்து ஓட்டிக்கொண்டு வராதீர்கள். வந்து சேருவதற்குள் டயர் சூடாகிவிடும், கணக்கு கெட்டுவிடும்.